க்வாய் பாலத்தில் நம் ஆட்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் போர்ப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையில், 1957-ல் டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அந்தப் பத்தி அதை உண்மைச் சம்பவம் என்றும், தாய்லாந்தில் படமாக்கப்பட்டது என்றும் சொல்கிறது. இரண்டும் தவறு. இவை தகவல் பிழைகள், ஒரு வரியில் திருத்திவிடலாம். 'பிரிட்டிஷ் வீரர்களின் மன உறுதிக்குச் சூட்டிய மகுடம்' என்று கட்டுரை முடிகிறதே, அதைத்தான் அப்படியே விட மனம் வரவில்லை. படம் போய்ச் சேரும் இடம் அதற்கு நேர் எதிரானது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் அவர்களுக்காக ஒரு ரயில் பாலம் கட்டுவதுதான் கதை. அதன் நடுவில் இருப்பவர் அந்த வீரர்களின் தலைவர் கர்னல் நிக்கல்சன். அலெக் கின்னஸ் நடித்தது. கைதியான அதிகாரிகளைக் கூலி வேலைக்கு அனுப்பக் கூடாது என்று 1929-ம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. ஜப்பான் அதில் கையெழுத்துப் போட்டது, ஆனால் உறுதி செய்யவில்லை. நிக்கல்சன் அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்ட, முகாம் தலைவர் சைட்டோ அதைப் பிடுங்கி அதனாலேயே அவர் முகத்தில் அறைகிறார். பிறகு நிக்கல்சனைத் தகரப் பெட்டி ஒன்றில் அடைத்து வெயிலில் காயப் போடுகிறார்கள். அதிலிருந்து வெளியே வரும்போது கின்னஸ் நடக்கும் நடையைக் கவனிக்க வேண்டும். கால் பின்னுகிறது, முதுகு மட்டும் வளைய மறுக்கிறது. போலியோவிலிருந்து தேறிக்கொண்டிருந்த தன் மகனின் நடையை மனத்தில் வைத்து அதைச் செய்ததாகக் கின்னஸே சொல்லியிருக்கிறார். இதுவரை பார்த்துவிட்டு எழுந்து போனால் மன உறுதிக் கதைதான். சைட்டோ தோற்றுப் போகிறார். 1905-ல் ரஷ்யாவை வென்ற நாளைச் சாக்காக வைத்து மன்னிப்பு வழங்குகிறார், பிறகு தனியாக உட்கார்ந்து அழுகிறார்.

படத்தின் மையம் அதற்கப்புறம் வரும் தேநீர்க் கூட்டத்தில் இருக்கிறது. போர்க் காட்சி எதுவும் இல்லாத இடம் என்பதால் பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஒரு மேசை, சில கோப்பைகள், அளவுக் கணக்கு. ஜப்பானியர் தேர்ந்தெடுத்த இடத்தில் ஆற்றின் அடி சேறு, அதில் அடிக்கும் தூண் இறங்கிக்கொண்டே போகும், ஆகவே கீழ்ப்பக்கம் பாறை உள்ள இடத்துக்குப் பாலத்தை மாற்ற வேண்டும் என்கிறார் நிக்கல்சனின் பொறியாளர். இங்குள்ள மரம் எல்ம் மரத்தைப் போன்றது, பழைய லண்டன் பாலத்தின் எல்ம் தூண்கள் 600 ஆண்டு தாங்கின என்ற பேச்சு வருகிறது. ஒருவர் ஒரு நாளில் வெட்ட வேண்டிய மண்ணை ஒன்றரை கஜத்திலிருந்து இரண்டு கஜமாக உயர்த்திவிட்டேன் என்கிறார் நிக்கல்சன். எதிரிக்கு நல்ல பாலம் எப்படிக் கட்டுவது என்று சைட்டோவுக்கே பாடம் நடக்கிறது. சைட்டோ ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மேசையில் யார் கைதி, யார் காவல் என்பது கலைந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் இன்னும் கொடுமை. நாள் நெருங்க நெருங்க ஆள் போதவில்லை. அதிகாரிகளையும் வேலைக்கு இறக்குகிறார் நிக்கல்சன். எந்த விதிக்காகத் தகரப் பெட்டியில் சாகக் கிடந்தாரோ அதே விதியைத் தானே மீறுகிறார். அதுவும் போதாமல் மருத்துவக் கொட்டகைக்குப் போய், நோயாளிகளில் லேசான வேலை செய்யக்கூடியவர்கள் யார் என்று பார்க்கிறார். சைட்டோ அடித்தும் மிரட்டியும் வாங்க முடியாத வேலையை இவர் அன்பாகப் பேசி வாங்கிவிடுகிறார். இவ்வளவு நன்றாகவா கட்டித் தர வேண்டும் என்று ராணுவ மருத்துவர் கிளிப்டன் கேட்கும் கேள்வி நிக்கல்சனின் காதில் விழுந்தாலும் மனத்தில் இறங்குவதில்லை. வேலை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு, அது யாருக்கான வேலை என்று பார்க்கத் தெரியவில்லை. பாலம் முடிந்த மாலையில் கைப்பிடி மேல் சாய்ந்து, 28 ஆண்டுப் பணிக்காலத்தை நினைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கையிலிருந்த குச்சி நழுவி ஆற்றில் விழுகிறது. அதற்கு வசனம் எதுவும் தரவில்லை லீன். விழுகிறது, அவ்வளவுதான்.

இதை மகுடம் என்று எப்படிச் சொல்வது?

படமாக்கிய இடம் இலங்கை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி, களனி ஆறு மலையிடுக்கில் ஓடும் கித்துல்கல. தாய்லாந்தில் உண்மையான இடம் சமவெளி. அங்கே பாலத்துக்குக் கீழே பள்ளம் இல்லை, ரயில் விழ ஆழமில்லை. கித்துல்கலவில் இரு கரையும் உயர்ந்து நிற்பதால் ஆற்றங்கரையிலிருந்து பார்த்தாலும் மலைமேலிருந்து பார்த்தாலும் பாலம் முழுதாகத் தெரியும். கடைசிக் காட்சிக்கு இது மிக முக்கியம். பிரிட்டிஷ் மருத்துவமனைக் காட்சி கல்கிசையில் உள்ள மவுன்ட் லவினியா ஹோட்டல். கமாண்டோ பயிற்சி முகாமாக வருவது பேராதனைத் தாவரவியல் பூங்கா. போர்க்காலத்தில் மவுன்ட்பேட்டன் தலைமையகம் வைத்திருந்ததும் அதே பேராதனைதான். பெங்களூரு வாசகர்களுக்கு லீன் அன்னியரும் இல்லை. 1984-ல் வந்த 'எ பாஸேஜ் டு இந்தியா'வுக்கு நம் சாவனதுர்காவிலும் ராமநகரப் பாறைகளிலும் கேமரா வைத்தவர் அவர்.

பாலம் நிஜ மரப்பாலம், பொம்மை மாடல் இல்லை. 425 அடி நீளம், தண்ணீரிலிருந்து 90 அடி உயரம், 1,500 மரங்கள் வெட்டி யானைகள் வைத்து இழுத்தார்கள் என்பது படக்குழு அப்போது விளம்பரத்துக்குச் சொன்ன கணக்கு. செலவைப் பற்றி அவர்கள் சொன்னது மிகை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் பாலம் மிகையில்லை, அதன் மேல் நிஜமாகவே நீராவி எஞ்சின் ஓடியது. தூண்கள் நின்ற கான்கிரீட் அடித்தளம் இன்றும் ஆற்றோரம் கிடக்கிறது.

வெடித்துத் தகர்க்கும் காட்சியை ஒரே தடவையில் எடுத்தாக வேண்டும். இரண்டாவது பாலமும் இல்லை, இரண்டாவது ரயிலும் இல்லை. பல கோணங்களில் கேமரா வைத்து, ஒவ்வொரு கேமராக்காரரும் அதை ஓடவிட்டுப் பதுங்கு குழிக்குள் போனதும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், லீன் முன்னால் இருக்கும் பலகையில் அவருக்கான விளக்கு எரியும் என்று ஏற்பாடு. 1957 மார்ச் 10 அன்று பிரதமர் பண்டாரநாயக்கா பார்வையாளராக இருக்க, ரயில் கிளம்பியது. ஒரு விளக்கு எரியவில்லை. அந்தக் கேமராக்காரர் வெளியே நிற்கிறாரா, பொத்தானை மறந்தாரா என்று யோசிக்க நேரமில்லை. வெடிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார் லீன். ஓட்டுநர் இல்லாத ரயில் பாலத்தைத் தாண்டிப் போய் மறுகரையில் இருந்த ஜெனரேட்டரில் மோதியது. எஞ்சினைப் பழுதுபார்த்துத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தி மறுபடி எடுத்த காட்சியே நாம் திரையில் பார்ப்பது. அன்றைக்கு ஒரு மனித உயிரைப் பெரிதாக நினைத்து நிறுத்தினாரே, அதற்காகவே லீனை எனக்குப் பிடிக்கும். (பண்டாரநாயக்கா அரசு தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்து ஓராண்டுகூட ஆகவில்லை அப்போது. தமிழ் வாசகர் இந்த இடத்தில் அதை நினைக்காமல் இருக்க முடியாது.)

வெடிவைக்கும் பகுதியில் எவ்வளவு சரி, எவ்வளவு சினிமா என்று கேட்க நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அல்சூர் ஏரிக்கரையில் எம்.இ.ஜி. மையம் இருக்கிறது, மெட்ராஸ் சாப்பர்கள் எனப்படும் ராணுவப் பொறியாளர் படையின் மையம். பாலம் போடுவதும் பாலம் தகர்ப்பதும் அவர்களின் தொழில். முள்வேலியை அறுக்கும் 'பெங்களூர் டார்ப்பிடோ' குழாய்க்கு இந்த ஊர்ப் பெயர் வந்ததும், 1912-ல் இங்கே அந்தப் படையில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் அதை வடிவமைத்ததால்தான்.

படத்தில் பாலத்தைத் தகர்க்க வரும் நேசநாட்டுக் கமாண்டோக்கள் இரவோடு இரவாகப் பிளாஸ்டிக் வெடிமருந்தைத் தெப்பத்தில் மிதக்கவிட்டுக் கொண்டுபோய், நீர்மட்டத்துக்குக் கீழே தூண்களில் கட்டுகிறார்கள். இது சரியான முறை. சுற்றியுள்ள தண்ணீரே வெடியின் வேகத்தை வெளியே சிதறவிடாமல் மரத்தின் பக்கம் அழுத்தும், காவல்காரர் கண்ணிலும் படாது. ரயில் வரும்வரை காத்திருப்பதும் சரி. தூண் முறிகிற அதே நொடியில் எஞ்சினின் பாரம் மேலே இருந்தால் மிச்சத்தை அது இழுத்துக்கொண்டு விழும், பாலத்தோடு ரயிலும் போகும்.

தவறு எங்கே என்றால், ஒரே ஒரு மின்கம்பி, அழுத்தி வெடிக்கவைக்கும் ஒரே ஒரு வெடிப்பெட்டி, அதன் அருகில் ஒரே ஆள். சாப்பர் பாடத்தில் முதல் விதியே இரட்டை இணைப்பு. மின்கம்பி அறுந்தால் வெடிநாண் என்ற வெடிக்கயிறு, அது பழுதானால் மின்கம்பி. படத்தில் இரண்டாவது வழியே இல்லை. அடுத்தது ஆறு. மலையாற்றில் மேலே மழை விட்டால் ராத்திரியில் மட்டம் இறங்கும். மாலையில் நீருக்குள் மறைந்திருந்த கம்பி விடியும்போது மணல்மேட்டில் பாம்புபோல் கிடக்கிறது. கம்பியைக் கல் வைத்து ஆழத்தில் அமிழ்த்தி, கரையேறும் இடத்தில் மண்ணுக்குள் புதைத்திருக்க வேண்டும். அந்த அவகாசம் அவர்களுக்கு இல்லை. கதையின் முடிச்சே இந்தச் சாதாரணக் கவனக்குறைவில்தான் விழுகிறது. அதைக் கண்டுபிடிப்பவரும் நிக்கல்சன்தான். வேலையைச் சுற்றிப் பார்த்துச் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவர் கண்ணில்தானே அது படும்.

இந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில் இசையைத் தேடிப் பாருங்கள். கிட்டத்தட்ட இல்லை. ஆற்றின் இரைச்சல், பறவைகள், எங்கோ தூரத்தில் ரயிலின் ஊதல். எல்லாரும் சீட்டியடிக்கும் அந்த அணிவகுப்பு மெட்டு, 'கர்னல் போகி', 1914-ல் வந்தது. படத்துக்கு மால்கம் ஆர்னால்ட் அதன்மேல் இன்னொரு மெட்டை ஏற்றினார். சிப்பாய்கள் அதற்குப் பாடிய வரிகள் சபையில் சொல்லக்கூடியவை அல்ல என்பதால் சீட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். படத்தைப் பார்க்காதவருக்கும் அந்தச் சீட்டி தெரியும். கட்டுரையாளர் சொன்ன 'மன உறுதி' அந்தச் சீட்டியிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

முடிவைப் பற்றிக் காலம்காலமாக வாதம் உண்டு. படத்துக்கு மூலமான பியர் பூலின் பிரெஞ்சு நாவலில் பாலம் தகர்வதில்லை, அப்படியே நிற்கிறது. படத்தில் நிக்கல்சன், என்ன காரியம் செய்துவிட்டேன் என்று ஒரு கணம் உறைகிறார், தொப்பியை எடுக்கிறார், தள்ளாடி வெடிப்பெட்டியின் மேல் விழுகிறார். விழுந்தாரா, விழவேண்டும் என்று விழுந்தாரா? கின்னஸின் கண் மேலே செருகுவதைப் பார்த்தால் விபத்து, கால் போகும் திசையைப் பார்த்தால் முடிவு. இரண்டுக்கும் இடம் வைத்தே எடுத்திருக்கிறார்கள். என் கட்சி, அந்தக் கணத்தில் மனிதர் விழித்துக்கொண்டார், உடம்புதான் முந்திக்கொண்டது. மலைமேல் இன்னொரு காட்சி. அங்கிருந்து மார்ட்டரால் சுட்ட கமாண்டோக்களின் தலைவர் மேஜர் வார்டனை, கூட வந்த தாய்லாந்துப் பெண்கள் அச்சத்தோடு பார்க்கிறார்கள். வேறு வழியில்லை என்று அவர் அவர்களிடம் விளக்குகிறார். அவர்கள் முகம் மாறுவதில்லை. பைத்தியக்காரத்தனம் என்று கிளிப்டன் கத்தும் கடைசி வசனத்தைவிட அந்த முகங்கள் அதிகம் சொல்கின்றன.

இனி உண்மை வரலாறு. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தன. கஞ்சனபுரிக்கு அருகே தா மக்காமில் முதலில் ஒரு மரப்பாலம், பிறகு ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சட்டங்களால் ஒரு பாலம். இரண்டையும் எந்தக் கமாண்டோவும் தகர்க்கவில்லை. 1944, 45-ல் நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டன. இரும்புப் பாலத்தைச் செப்பனிட்டு இன்றும் ரயில் ஓடுகிறது. அந்த ஆற்றுக்கு அப்போது பெயர் மே க்ளோங். படத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றுலாப் பயணிகள் க்வாய் எங்கே என்று கேட்டு வந்ததால், 1960-ல் அந்தப் பகுதி ஆற்றுக்கு க்வே யாய் என்று பெயர் மாற்றினார்கள். க்வே என்றால் கிளையாறு. க்வாய் என்று நீட்டினால் தாய் மொழியில் எருமை. தமிழில் எழுதும்போதாவது இதைச் சரியாக எழுதலாம்.

பாதையை அளந்ததும் வடிவமைத்ததும் ஜப்பானிய ரயில்வே படைப்பிரிவுகள். அவர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது, வெள்ளைக்காரர் வந்து சொல்லிக்கொடுத்தார் என்பது நாவலும் படமும் செய்த கற்பனை. அங்கே கைதிகளின் தலைவராக இருந்த லெப்டினன்ட் கர்னல் ஃபிலிப் டூஸி, நிக்கல்சனுக்கு நேர்மாறானவர். தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டே வேலையைத் தாமதப்படுத்தியவர், மரத்தில் கறையான் விடச் செய்தவர். உயிர் பிழைத்த கைதிகள் படத்தின் மேல் கோபப்பட்டதற்கு இதுவே காரணம்.

ஆனால் அவர்களுக்குக் கோபப்படவாவது ஒரு குரல் இருந்தது. அந்தப் பாதையில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்குச் சற்று மேல். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியக் கூலிகள் ஏறத்தாழ 2 லட்சம் பேர், இறந்தவர்கள் 80,000-க்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு, லட்சம் என்பவர்களும் உண்டு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் அளவில் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். மலாயாத் தமிழர்கள் இன்றும் அதைத் தாய்லாந்தின் பழைய பெயரில் 'சயாம் மரண ரயில்' என்றுதான் சொல்கிறார்கள். ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டத்தில் வேலை போயிற்று, அரிசி கிடைக்கவில்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது பிடித்துப் போட்டார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்குள் கூட்டத்தைச் சேர்த்து, கதவைச் சாத்தி அப்படியே ரயிலேற்றியதாகவும் பதிவு இருக்கிறது.

இவர்களில் சாவு விகிதம் கைதிகளைவிட ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. போர்க்கைதிகளிடம் ராணுவக் கட்டுக்கோப்பு இருந்தது, கூடவே சிறைப்பட்ட டாக்டர்கள் இருந்தார்கள். கழிப்பிடக் குழி எங்கே தோண்டுவது, தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிப்பது, தட்டைக் கொதிநீரில் முக்கி எடுப்பது என்று உத்தரவு போட ஆள் இருந்தது. கூலிகளிடம் டாக்டரும் இல்லை, அமைப்பும் இல்லை. குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. 1943 பருவமழையில் காலரா வந்தபோது முகாம் முகாமாகக் காலியானது. வயிற்றுப்போக்கு, மலேரியா, பெரிபெரி, காலில் சிறு கீறலிலிருந்து எலும்பு தெரிகிற அளவுக்கு அழுகும் புண் எல்லாம் இரு தரப்புக்கும் பொது. கைமருந்தும் பராமரிப்பும் ஒரு தரப்புக்குத்தான் இருந்தது. கஞ்சனபுரி ராணுவக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கற்கள் வரிசையாக நிற்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் வயதும் செதுக்கியிருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் ஒரு வரிசை இல்லை.

படம் ரயிலோரத்துச் சிலுவைகளில் தொடங்குகிறது. 161 நிமிடம் ஓடும் இந்தப் படத்தில் ஒரு தமிழ்க் கூலியின் நிழல்கூட விழுவதில்லை. பாலத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய நிக்கல்சனின் கண்ணுக்கு எது தெரியவில்லையோ, அதற்குச் சமமான ஒன்று படத்தைச் செதுக்கியவர்கள் கண்ணுக்கும் தெரியவில்லை. இதற்காகப் படத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் கனக்கும்.

பெயர் மறைப்பு படத்துக்குள்ளேயும் நடந்தது. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால், பியர் பூலின் பெயரைப் போட்டு அவருக்கே ஆஸ்கரும் கொடுத்தார்கள். படம் வாங்கிய ஏழு ஆஸ்கர்களில் அது ஒன்று. 1984-ல்தான் ஆஸ்கர் வழங்கும் அகாடமி தவறைத் திருத்தி விருதை இருவருக்கும் கொடுத்தது. அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது சினிமாஸ்கோப்பில் எடுத்த படம். டிவிக்காக இரு பக்கமும் வெட்டிய பிரதியைப் பார்க்காதீர்கள். கடைசிக் காட்சியில் வெடிப்பெட்டி ஒரு ஓரத்தில், கம்பியைப் பிடித்து வரும் நிக்கல்சன் மறு ஓரத்தில். வெட்டிய பிரதியில் அந்த இடைவெளியே காணாமல் போய்விடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தால்தான் படம் முழுதாக இருக்கிறது என்று பொருள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மலாயாவிலிருந்து போருக்குப் பின் ஊர் திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் நம் வாசகர்களாக இருக்கிறார்கள். சயாமுக்குப் போனவரின் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, திரும்பினாரா இல்லையா என்ற நான்கு விவரத்தை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பச் சொல்லி ஒரு சிறு அறிவிப்பு வெளியிடுங்கள். வருவதை ஞாயிறு இணைப்பிலேயே வாரம் ஒரு பத்தியாகப் போடலாம். அந்தப் படத்துக்கு ஒதுக்கிய அளவு இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு